ஒரு கை பிடிக்க ஆளில்லாத ஊர்

நான் ஒரு சாமி. பெயரல்ல, பதவி. நான் குடியிருக்கிற இண்டூரில் என்னை யாரும் கும்பிடுவதில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட வாசலில் நின்று, "வூட்ல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று என்னிடமே கேட்பார். பாதி முடி கொட்டிய பிறகும் ஒருவர் அப்படிக் கேட்கிறார் என்றால் குறை முடியில் இல்லை, முகத்தில் இருக்கிறது. ஆனால் நான் சாமியாக இருக்கிற ஊர் வேறு. அங்கே "இந்த இடத்தில் ஒரு காடு" என்று எழுதினால் காடு முளைக்கும். "காட்டில் ஒரு கரடி" என்றால் கரடி வந்து நிற்கும். எங்கள் தெருவுக்கு ஒரு விளக்கு போடச் சொல்லி நானும் எழுதிப் பார்த்தேன். அது மட்டும் வரவில்லை.

அந்த ஊர் ஒரு இணைய விளையாட்டு. பலபேர் சேர்ந்து ஆடுவது, ஆனால் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. "நீங்கள் ஒரு மலையடிவாரத்தில் நிற்கிறீர்கள். வடக்கே ஒற்றையடிப் பாதை போகிறது" என்று திரையில் வரும். "வடக்கு" என்று தட்டினால் வடக்கே போவீர்கள். "பார்" என்றால் சுற்றியிருப்பது என்ன என்று சொல்லும். அதே இடத்தில் இன்னொருவரும் நின்றால் அவர் பெயர் தெரியும், பேசலாம். அவர் மஸ்கட்டில் இருக்கலாம், மன்னார்குடியில் இருக்கலாம். இப்படி ஒரு விளையாட்டைத் தமிழில் கட்டி, கோயம்புத்தூரில் தன் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார் ஒரு ரிட்டையர்டு வாத்தியார். அவர் பெரிய சாமி. ஆடுகிறவர்களுக்கு வேலை தயாரித்துக் கொடுக்கிற நான் சின்ன சாமி. ஆங்கிலத்தில் குவெஸ்ட் என்பதற்கு எங்கள் ஊரில் வைத்திருந்த பெயர்தான் வேலை. போய் இன்னதைச் செய்து வா என்று அனுப்புவது. சம்பளம் இல்லாத ஒருவனாக, சம்பளம் இல்லாத வேலையை, வேலை முடித்து வந்து களைத்துப்போன ஆட்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வயிற்றுப்பாட்டுக்கு நான் செய்தது மன்னிப்புக் கேட்பது. பெங்களூரில் ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தபடியே. பார்சல் வராதவர், உடைந்து வந்தவர், சட்டை கேட்டுப் பாவாடை வந்தவர் எல்லோருக்கும் நான்தான் பதில் எழுதுவேன். "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்." நானே நேரில் கொடுத்த சிரமங்களுக்குக்கூட வாழ்க்கையில் இவ்வளவு வருந்தியதில்லை. அம்மா ஓசூரில் அண்ணன் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருந்தார். இண்டூர் வீட்டில் நான் மட்டும். ஒரு அறையில் குடியிருந்தேன், மற்ற அறைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளி மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வருவேன். குக்கர் விசில் அடித்தால் "இதோ வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்கிற பழக்கம் வந்திருந்தது. அந்த வீட்டில் என்னிடம் தானாகப் பேச்சுக் கொடுத்தது அது ஒன்றுதான்.

ஆகவே அந்த எழுத்து ஊர் எனக்கு விளையாட்டாக இல்லை. அங்கே நான் நுழைந்தால் "வாங்க சாமி" என்று சொல்ல ஆள் இருந்தது. இண்டூரில் டீக்கடைக்குப் போனால் கடைக்காரர், "கம்ப்யூட்டரு, சக்கரை கம்மிதானே?" என்பார். என் மேல் ஒருவர் வைத்திருந்த அக்கறை அந்த அளவில் நின்றது.

மாங்காய் வரத்து ஆரம்பித்த சமயம் பெரிய சாமி போன் செய்தார்.

"தம்பி, பொண்ணு கூப்புடறா. இனிமே அவகூடத்தான் இருக்கப்போறேன், வெளிநாட்டுல. மாங்கா சீசன் முடிஞ்சதும் கெளம்பறேன்."

"சந்தோஷம் சார்."

"இந்த மெஷினை என்ன செய்யறதுன்னுதான் யோசனை. அணைச்சுட்டுப் போறதா, ஓட விட்டுட்டுப் போறதா?"

நான் சந்தோஷத்தை உடனே வாபஸ் வாங்கினேன். "அணைக்கறதா? எதுக்கு சார்?"

"யாரு இருக்கா அங்க? புதுசா வர்றவங்க ஒரு தடவை வர்றாங்க, ஒரு வேலையைச் செய்யறாங்க, ஓடிடறாங்க. பழைய ஆளுங்களை நீ பேசிப் பேசியே புடிச்சு வெச்சிருக்க. நீ ஒரு வாரம் ஜுரத்துல படுத்தா ஊரே காலி. அது ஊரில்ல தம்பி, உன் வூட்டு வராண்டா. நீயும் நானும் கை வெக்காம, புதுசா வந்த ஒரு ஆளு திரும்பி வந்து ஒரு வேலையை முடிக்கட்டும். ஓட விட்டுட்டுப் போறேன். பக்கத்து வூட்டுப் பையங்கிட்ட சாவி குடுத்துட்டுப் போறேன். இல்லைன்னா அணைச்சுடறேன். நல்லபடியா முடிஞ்சதுன்னு இருக்கட்டும்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அன்று முழுக்க முயன்றேன். முடியவில்லை. என் வேலைகள் அந்த லட்சணத்தில்தான் இருந்தன. வைத்தியர் ஒருவர் நிற்பார். "என் வீட்டில் எலித் தொல்லை. பத்து எலியைக் கொன்று வா" என்பார். கொன்றுவிட்டுப் போனால் "நன்றி. இப்போது பத்துப் பாம்பைக் கொன்று வா." எலி ஒழிந்த பிறகு பாம்பு எப்படிப் பெருகியது என்று எந்த வைத்தியரும் யோசிக்கவில்லை, சாமியும் யோசிக்கவில்லை.

யோசித்த ஆள் ஒருவர் இருந்தார். சேலத்தில் ஒரு ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆளாளுக்குக் கையில் செல்போன் வந்த பிறகு அவர் மேஜைப் போன் அடிப்பதே அபூர்வம். சும்மா இருக்கிற நேரத்தில் எங்கள் ஊரில் ஆடுவார். திரையில் வருவதை ஒரு பெண்குரல் அவருக்குப் படித்துக் காட்டும், கம்ப்யூட்டர் குரல். படம் போட்ட விளையாட்டுகள் எல்லாம் அவருக்குப் பூட்டிய கதவு. எழுத்தால் ஆன ஊர் என்பதால் எங்களோடு சரிசமமாக நடமாடினார். வாய் மட்டும் சரிசமத்துக்குக் கொஞ்சம் மேலே.

"என்னாங்க சாமி, மறுக்காவும் எலியா?" என்றார், நான் விஷயத்தைச் சொன்னதும். "எங்க வூட்ல இருக்கற எலியையே நான் புடிக்கல. உங்க ஊருக்கு வந்து புடிக்கணுமா?"

"வேற என்ன செய்யலாம்னு சொல்லுங்க."

"மொதல்ல வர்ணனையைக் குறைங்க. 'மஞ்சள் வெயில் மலைமுகட்டில் வழிந்து'ன்னு ஆரம்பிக்கறீங்க. அந்தம்மா படிச்சு முடிக்கறதுக்குள்ள கரடி என்னைத் தின்னுட்டுக் கை கழுவிட்டுப் போயிடுது. கண்ணுக்கு எழுதினது போதுங்க, காதுக்கும் கொஞ்சம் எழுதுங்க. பின்னால யாராச்சும் வந்தா காலடிச் சத்தமாவது கேக்க வேணாமா?"

மலைமுகட்டு வெயில் என் சொந்தப் படைப்பு. அதை எழுத ஒரு மாலை முழுதும் செலவழித்திருந்தேன். வெட்டினேன். காலடிச் சத்தத்தைச் சேர்த்தேன். வேலை மட்டும் கிடைக்கவில்லை.

அது ரோட்டில் கிடைத்தது. ஒருநாள் காலை பால் வாங்கிக்கொண்டு வரும்போது, ரோட்டோரம் ஒரு அம்மா பெரிய புல்லுக்கட்டின் பக்கத்தில் நின்றிருந்தார். அறுத்துக் கட்டியாகிவிட்டது, தலைக்கு ஏற்ற ஆளில்லை.

"ஏங்க, ஒரு கை புடிங்க."

பால் பாக்கெட்டை வாயில் கவ்விக்கொண்டு பிடித்தேன். கட்டு எழுந்தது, பாதிப் புல் என் சட்டைக்குள் போனது. அவர் தலையில் கட்டு உட்கார்ந்ததும் நடந்துவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. தலையில் அவ்வளவு பாரத்தோடு திரும்பவும் முடியாது. நன்றி என்ற சொல்லும் இல்லை. எங்கள் பக்கத்தில் இதற்கு நன்றி சொல்கிற வழக்கமில்லை. யார் போனாலும் கேட்பார்கள், யாராக இருந்தாலும் பிடிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அன்று நாள் முழுக்கக் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. பார்சலில் உடைந்த கண்ணாடி வந்த ஒருவருக்கு, கண்ணாடி உடைவது நல்ல சகுனம் என்கிற தொனியில் பதில் எழுதி மேனேஜரிடம் திட்டு வாங்கினேன்.

அதையே வேலையாக்கினேன். மலைமேல் ஒரு ஊர். அங்கே விளைந்த புளியை மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். கீழே சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். மூட்டையைத் தனி ஆளாகத் தூக்க முடியாது. பக்கத்தில் நிற்கிற இன்னொருவர் "கைபிடி" என்று தட்டினால்தான் தலைக்கு ஏறும். தலையில் ஏறிவிட்டால் திரும்பிப் பார்க்க முடியாது. "பார்" என்று தட்டினால் முன்னால் இருக்கிற பாதை மட்டும் தெரியும். பின்னால் வருகிறவரின் காலடிச் சத்தம் கேட்கும், யாரென்று தெரியாது. வழியில் இறக்கி வைத்தால் மறுபடி ஏற்ற மறுபடி ஒரு ஆள் வேண்டும். எலி இல்லை, பாம்பு இல்லை. மனுசனுக்கு மனுசன் தேவைப்படுகிற வேலை. எழுதி முடித்துவிட்டு எனக்கு நானே டீ போட்டுக் கொடுத்துக்கொண்டேன்.

ஊரில் ஆளே இல்லை என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது.

வளைகுடாவில் இருக்கிறவர் விடியற்காலையில் வருவார். காலேஜ்காரர்கள் வந்தால் சாயங்காலம். ஆபரேட்டர் ஆபீஸ் நேரத்தில். ஒருவர் வரும்போது இன்னொருவர் இருக்கமாட்டார். சாமிகளுக்கு மறைந்து நிற்கிற வசதி உண்டு. அப்படி நின்று பார்த்தேன். புதிதாக ஒருவர் வந்தார். பெயர் கேட்கிற இடத்தில் "சும்மா வந்தவர்" என்று அடித்திருந்தார். மலைமேல் ஏறினார், மூட்டையைக் கண்டார், தூக்கப் பார்த்தார். "தனியாகத் தூக்க முடியவில்லை. ஒரு கை பிடிக்க ஆள் வேண்டும்" என்றது என் எழுத்து.

"யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார் அவர்.

கொஞ்ச நேரம் நின்றார். இன்னொரு தடவை அதையே கேட்டார். நான் சின்ன சாமி வேடத்தைக் கலைத்துவிட்டு மனுச வேடத்தில் ஓடிவருவதற்குள் போய்விட்டார். ஊர் முழுக்க நான் கட்டி வைத்திருந்ததே என் வீட்டின் ஆளில்லாத நடுக்கூடம்தான் என்று அப்போது தோன்றியது. மூட்டையை மட்டும் வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டிருக்கிறேன்.

அடுத்து நான் செய்ததை விவேகம் என்று யாரும் சொல்ல முடியாது. வழிப்போக்கர்கள் இல்லையென்றால் என்ன, நான் இருக்கிறேனே? பால்காரராக ஒரு வேடம், கல்யாண வீட்டு மாமாவாக ஒன்று, மாடு தொலைத்தவராக ஒன்று, கோவித்துக்கொண்டு வீட்டைவிட்டு வந்த மருமகனாக ஒன்று. புதியவர் யாராவது மூட்டைப் பக்கம் வந்தால், நான் எதேச்சையாக அந்தப் பக்கம் வந்து கை பிடித்துவிட்டுப் போவேன். குளிக்கப் போனால் யாராவது வந்துவிடுவார்களோ என்று குளிக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையில் ஒரு பக்கம் மன்னிப்பு ஜன்னல், இன்னொரு பக்கம் மலைப்பாதை ஜன்னல். மிக்சி வராத ஒரு அம்மையாருக்கு, "கவலைப்படாதீங்க, நான் ஒரு கை பிடிக்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். அவர் போலீசுக்குப் போவேன் என்று பதில் போட்டார்.

ஆபரேட்டர் ஒருநாள் அந்த வேலைக்கு வந்தார். மலைமேல் பால்காரர் கை பிடித்தார். பாதி வழியில் ஆபரேட்டர் வேண்டுமென்றே மூட்டையை இறக்கினார். மாடு தொலைத்தவர் வந்தார். மறுபடி இறக்கினார். மருமகன் வந்தான்.

"சாமி," என்றார் ஆபரேட்டர்.

"சாமியா? நான் மாமனார் வீட்டிலிருந்து கோவித்துக்கொண்டு..."

"யோவ், போதும். பால்காரரு 'தாமதத்துக்கு வருந்துகிறேன்'ன்னாரு. மாடு தொலைச்சவரு 'சிரமத்துக்கு வருந்துகிறேன்'ன்னாரு. இப்ப மருமவனும் வருந்தறாரு. இந்த மலையில நடமாடறவங்க அத்தினி பேரும் எனக்கு என்ன கெடுதல் பண்ணினாங்க?"

மாட்டிக்கொண்ட வெட்கத்தில் வேடத்தைக் கலைத்தேன். வருந்துகிறேன் என்று சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டேன்.

"நீங்க கை வெச்சா கணக்குல வராதுன்னு பெரியவரு சொல்லிட்டாருல்ல?" என்றார் அவர், இந்த முறை கேலியில்லாமல். "இந்த ஊரு போச்சுன்னா எனக்கும் வேற ஊரு கெடையாதுங்க. ஒழுங்கா யோசிங்க."

யோசித்து, கை பிடிக்க ஒரு பொம்மை ஆளை வைத்தேன். யார் வந்து எப்போது கேட்டாலும் பிடித்துவிடும் தானியங்கி. இரண்டொருவர் வேலையை முடித்தார்கள். முடித்துவிட்டு, எலி கொன்றவர்களைப் போலவே, போய்விட்டார்கள். ஆபரேட்டரும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, "பஸ் ஸ்டாண்டுல எடை பாக்குற மெஷினாட்டம் இருக்குது. ஏறி நின்னா சீட்டு வருது" என்றார். பொம்மையையும் எடுத்துவிட்டேன். மாங்காய் விலை இறங்க ஆரம்பித்திருந்தது. பெரிய சாமி பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார்.

இந்த நிலையில் எனக்குக் களிமாவு தீர்ந்தது.

எங்கள் ஊர் மாவு மில்லில் மோட்டார் ரிப்பேர். பென்னாகரம் பக்கத்தில் இன்னொரு மில்லுக்குக் கேழ்வரகை மொபெட்டில் வைத்துக்கொண்டு போனேன். நான் எப்போதும் ஒரு குடும்பத்துக்கு ஆகிற அளவுதான் அரைப்பது வழக்கம். சின்னப் பையைக் கொண்டுபோய் நீட்டினால், "ஒரு ஆளுதானுங்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட வண்டு விழுந்த மாவைத் தின்பது மேல். மில்காரர் அரைத்து மூட்டை கட்டி, மாறிப்போகாமல் இருக்க மார்க்கர் பேனாவை எடுத்து, "எந்த ஊருங்க? என்னான்னு போடட்டும்?" என்றார். "இண்டூர். டீக்கடையில கம்ப்யூட்டர்னு சொன்னா தெரியும்" என்றேன். மூட்டைமேல் பெரிதாக "இண்டூர் டீக்கடை கம்ப்யூட்டர்" என்று எழுதிவிட்டார்.

திரும்பும் வழியில் டயர் பஞ்சர். உச்சி வெயில், ரோட்டில் ஈ காக்கை இல்லை. மூட்டையோடு வண்டியைத் தள்ள முடியவில்லை. அங்கே ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருக்கும். தலைச்சுமையோடு தனியாக நடந்தவர்கள் நின்ற வாக்கிலேயே சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாற என்று எந்தக் காலத்திலோ வைத்தது. இப்போது அதில் யாருக்கோ கல்யாண வாழ்த்து பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். அவர் தலைமேல் என் மாவு மூட்டையை ஏற்றி வைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

பஞ்சர் ஒட்டித் திரும்பி வந்தால் கல் இருந்தது, மாப்பிள்ளை இருந்தார், மூட்டை இல்லை.

அந்த வெயிலில் நின்று அந்த வட்டாரத்தையே திட்டினேன். களிமாவு திருடுகிற அளவுக்கு நாடு கெட்டுவிட்டதா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். எனக்கு என்று ஒருத்தர் இருந்திருந்தால் மூட்டைக்குக் காவல் நின்றிருப்பார் என்ற நினைப்பு வந்தது. மாவுக்காக அழுதவன் என்ற பெயர் வேண்டாமென்று வண்டியை எடுத்தேன்.

இண்டூரில் டீக்கடைக்காரர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். "கம்ப்யூட்டரு! உங்க மாவு வந்து எந்நேரமா கெடக்குது, எடுத்துட்டுப் போங்க. ஆளுங்க உக்கார எடமில்ல."

பெஞ்சின்மேல் என் மூட்டை உட்கார்ந்திருந்தது.

"யாரு கொண்டாந்தது?"

"ஏரியூர் பஸ்சு கண்டக்டரு எறக்கிட்டுப் போனாரு. அவருகிட்ட யாரோ பைக்குல வந்தவரு ஸ்டாப்புல ஏத்திவுட்டாராம். கல்லு மேல ஆளில்லாம இருக்குது, எழுதியிருக்குதே, மறந்துட்டுப் போயிட்டாங்க போலன்னு."

எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் சாமான் கொடுத்தனுப்புவது சாதாரணம். மருந்து, சாப்பாட்டுத் தூக்கு, கோழி, எல்லாம் கண்டக்டர் கை மாறி டீக்கடையில் இறங்கும். இப்போது நான் கொடுக்காமலே அனுப்பிவிட்டார்கள். பைக்கில் வந்தவர் என்னைப் பார்த்ததில்லை. கண்டக்டரும் பார்த்ததில்லை. நான் அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் என் மூட்டையை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

வாங்கிய டீ ஆறியது. கடைக்காரர் "சக்கரை கம்மிதானே போட்டேன்?" என்று கேட்டார். மொபெட்டை அங்கேயே விட்டுவிட்டு, மூட்டையைத் தலையிலேயே தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். கை பிடித்தது கடைக்காரர்தான்.

மலையிலிருந்து சந்தை வரை வழியெங்கும் சுமைதாங்கிக் கற்களை நட்டேன். சாமிக்கு ஒரு கல் நட ஒரு வரி எழுதினால் போதும். மலைமேல் மூட்டையும் ஒரு கல்லின்மேல்தான் இருக்கும். யாரும் தனியாகத் தலையைக் கொடுத்து எடுக்கலாம். ஆனால் பாரம் அதிகம், ஒரு ஆளுக்கு ஒருநாளைக்கு ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரைதான் பலம் இருக்கும். அங்கே வைத்துவிட்டு, வேண்டுமானால் மூட்டைமேல் ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம். அடுத்து யார் எப்போது வந்தாலும், விடியற்காலையோ மத்தியானமோ, அங்கிருந்து எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவே வேண்டியதில்லை. யார் சுமந்த மூட்டை எதுவரை போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் திரும்பி வந்து பார்க்க வேண்டும்.

ஆபரேட்டர் முதல் கல்லிலிருந்து எடுத்து இரண்டாவதில் வைத்தார். என்ன எழுதினார் என்று போய்ப் பார்த்தேன். "மூட்டை நல்ல கனம். எழுதினவரு கையில ஒரு நாளாச்சும் தூக்கியிருப்பாரு போல." அந்த ஆளிடமிருந்து இதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்க முடியாது.

பிறகு நான் கை வைக்காமல் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். இரண்டாவது கல்லில் மூட்டை சும்மா இருப்பதைப் பார்த்தால் எனக்குக் கை அரித்தது. எனக்குள்ளே இருந்த பால்காரர், "ஒரே ஒரு கல்லுதான்" என்றார். லீவு போட்டேன். லேப்டாப்பையும் போனையும் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, பஸ் மாறித் தொப்பூர் போனேன். காரணம் ஒன்றுமில்லை, அங்கே யாரையும் எனக்குத் தெரியாது. ரோட்டோர ஓட்டலில் நுழைந்ததும் சர்வர், "எத்தினி பேருங்க?" என்றார்.

"ஒருத்தருதாங்க."

"அப்ப அங்க செவுத்தோரம் போயிடுங்க."

சுவரைப் பார்த்துப் பரோட்டா தின்றேன். கை கழுவிவிட்டு வெளியே வந்து நின்றேன். லாரிகள் கணவாய்ச் சரிவில் சின்ன கியரில் முனகிக்கொண்டு இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் முன்னால் ரோட்டை மட்டும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் இல்லாத நேரத்தில் என் ஊரில் என்ன நடக்கிறது என்று நினைக்காமல் இருக்க, மறுபடி உள்ளே போய் இன்னொரு பரோட்டா சொன்னேன். சர்வர் கேட்காமலேயே சுவரைக் காட்டினார்.

அடுத்தடுத்த நாட்களிலும் வீட்டிலிருந்து ஏதோ ஒரு சாக்கில் ஓடினேன். கடைசியில் ஒருநாள் பொறுக்க முடியாமல், பார்க்க மட்டும்தானே, தொடமாட்டேன் என்று மறைந்தபடி உள்ளே போனேன். மத்தியான நேரம். இரண்டாவது கல்லில் மூட்டை இல்லை. மூன்றாவதிலும் இல்லை. கீழே இறங்கிக்கொண்டே போனேன். சந்தைக்கு முந்தின கடைசிக் கல்லில் இருந்தது. மேலே விதவிதமான கைகள் எழுதிய வரிகள். "கயிறு தளர்ந்திருந்தது, இறுக்கிக் கட்டியிருக்கேன்." "மழை வந்தாலும் வரும், துணி போட்டு மூடியிருக்கேன்." எங்கள் ஊரில் நான் மழையே எழுதவில்லை. இல்லாத மழைக்கு யாரோ துணி போட்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவர் வந்தார். "சும்மா வந்தவர்" என்று திரையில் பெயர் விழுந்தது. திரும்பி வந்திருந்தார்.

மூட்டையைப் பார்த்தார். மேலே இருந்ததையெல்லாம் படித்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு, முன்பு மலைமேல் கேட்டதையே கேட்டார்.

"யாராவது இருக்கீங்களா?"

நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். அந்த ஊரில் பக்கம் என்பது இதற்கு மேல் கிடையாது, ஒரே இடம், ஒரே வரி. இத்தனை நாளாக அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேடம் வேடமாகப் போட்டுக்கொண்டு ஓடிவந்தேன். இப்போது "இருக்கேன்" என்று ஒரு வார்த்தை தட்டினால் ஊர் போய்விடும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. குனிந்து தலையைக் கொடுத்தார். "மூட்டை உங்கள் தலைக்கு ஏறுகிறது" என்றது என் எழுத்து. சந்தையை நோக்கிப் போனார். கல் காலியாக நின்றது.

"இருக்கேங்க," என்றேன் சத்தமாக, அறையில். எந்நேரமாகவோ விசில் அடித்துக்கொண்டிருந்த குக்கர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டது. உள்ளே சோறு கருகியிருந்தது.

மூட்டை சந்தையில் இறங்கியதைப் பார்த்துவிட்டுப் பெரிய சாமிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நீ கை வெக்கலைல்ல?" என்றார். "வெச்சேன் சார், தொடைக்கு அடியில" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரியாமலேயே, "சரி, சாவி குடுத்துட்டுப் போறேன்" என்றார்.

ஊர் பிழைத்தது. பிழைத்த ஊரில் எனக்கு அதிகம் வேலையில்லாமல் போனது. நான் நுழைகிற நேரத்தில் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. ஆனால் மூட்டைகள் இடம் மாறியிருக்கும். முன்பெல்லாம் ஆள் இருந்தது, ஊர் இல்லை. இப்போது ஊர் இருக்கிறது. நான் போய்ப் போய்க் கற்களைப் பார்த்துவிட்டு வருவேன், ஞாயிற்றுக்கிழமை மற்ற அறைகளுக்குப் போவது போல.

போன வாரம் சாமி வேடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முதல்முறையாகச் சாதாரண ஆளாகவே போனேன். கடைசிக் கல்லில் ஒரு மூட்டை இருந்தது. மேலே ஒரு வரி.

"இது கம்ப்யூட்டருக்கு. மத்தவங்க தொடாதீங்க. ஆளு கொஞ்சம் சொணங்கி, இந்தக் கடைசி தூரந்தான் தாங்குவாரு. - ஆபரேட்டர்."

மாவு மூட்டைக் கதையை நான் அவரிடம் சொல்லித் தொலைத்திருந்தேன்.

குனிந்து தலையைக் கொடுத்தேன். மூட்டை ஏறியது. நடந்தேன். பாதி வழியில் பழக்க தோஷத்தில், யாராவது இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள "பார்" என்று தட்டினேன். "தலையில் பாரம். திரும்பிப் பார்க்க முடியாது. முன்னே பாதை தெரிகிறது" என்று நானே எழுதிய வரி எனக்கே பதில் சொன்னது. அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது.

"பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது."

யார் என்று கேட்கவில்லை. சந்தை பக்கத்தில்தான் இருந்தது. கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.